செம்பேயா, ஒகாக்கியா? ஜப்பானிலிருந்து எந்த அரிசி நொறுவலை வாங்கி வருவது

ஜப்பானிலிருந்து ஊர் திரும்பும்போது என்ன தின்பண்டம் வாங்கிப் போகலாம் என்று யார் கேட்டாலும் அரிசி நொறுவல் என்றுதான் சொல்வேன். சாக்லேட் நம் வெயிலில் உருகிவிடும். கிரீம் அடைத்த கேக்குகள் ஒரு வாரம் தாங்கினாலே பெரிய விஷயம். ஒட்டரிசியை இடித்துச் செய்யும் புது மோச்சி உருண்டைகள் ஓரிரு நாளிலேயே இறுகத் தொடங்கும். அரிசி நொறுவல் உருகாது, பெட்டியின் எடையை ஏற்றாது, பிரிக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. டோக்கியோ ஸ்டேஷன் கடைகளிலோ, பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் அடித்தள உணவுப் பிரிவிலோ நின்று பாருங்கள். உள்ளங்கை அகல வட்டங்கள், விரல்நுனி அளவு மணிகள், நோரி என்னும் கடற்பாசித் தாள் சுற்றியவை, கல் சர்க்கரை அப்பியவை, சோயா சாஸில் ஊறியவை. தகர டப்பா, அட்டைப் பெட்டி, சாதா பிளாஸ்டிக் பை. பெட்டியின் அழகைப் பார்த்து வாங்கி வந்து, வீட்டில் ஒருவர்கூட இரண்டாவது வில்லையைத் தொடாமல் போன கதையைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அங்கே இருக்கும்போது தின்ன வாங்குவதையும் ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வாங்குவதையும் ஒரே கேள்வியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஜப்பானில் தின்னக் கிடைக்கும் மிகச் சிறந்த அரிசி நொறுவல் பயணத்துக்கு ஏற்றதே இல்லை. பயணத்துக்கு ஏற்றது வேறு வகை. அது ஏன் என்று புரிய, அரிசியிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு அரிசிகள்

ஜப்பானியர் தினமும் சோறாக்கும் அரிசிக்கு உருச்சி என்று பெயர். மோச்சி இடிக்கும் ஒட்டரிசி வேறு. உருச்சியில் செய்வது செம்பே. ஒட்டரிசியில் செய்வது ஒகாக்கி. அதையே சிறு சிறு துண்டுகளாகச் செய்தால் அராரே. கடைப் பெயர்களில் சில சமயம் குழப்பம் இருக்கும், ஆனாலும் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பிரிவை வைத்தே பேசுகிறார்கள்.

உருச்சியின் மாவுச்சத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு அமைலோஸ் என்ற வகை, மிச்சம் அமைலோபெக்டின் என்ற வகை. ஒட்டரிசியிலோ ஏறத்தாழ முழுவதுமே அமைலோபெக்டின். அந்த மாவு சூட்டில் நன்றாக இளகிக் கொடுக்கும். உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகித் தள்ளும்போது பொங்கி, உள்ளே நிறையக் காற்றறைகளோடு நின்றுவிடும். அமைலோஸ் கலந்த மாவு அவ்வளவு பொங்காது, கெட்டியாக வேகும். அதனால்தான் செம்பேயைப் பல்லால் உடைக்க வேண்டியிருக்கிறது. மெல்ல மெல்லத்தான் அரிசியின் இனிப்பு வெளியே வரும். ஒகாக்கியைக் கடித்த மாத்திரத்தில் அது நொறுங்கி வாயில் கரைந்துவிடுகிறது.

செய்முறையும் வேறு. செம்பேக்கு அரிசியை மாவாக்கி, ஆவியில் வேகவைத்துப் பிசைந்து, தட்டி, வட்டமாக வெட்டி, காயவைத்துச் சுடுகிறார்கள். ஒகாக்கிக்கு ஒட்டரிசியை முழுசாக வேகவைத்து இடித்து மோச்சியாக்கி, அச்சில் இட்டு இரண்டு மூன்று நாள் குளிரில் இறுகவிட்டு, அதன்பின் சீவி உலர்த்திச் சுடுகிறார்கள். இதன் பின்னால் ஒரு பழைய வீட்டு வழக்கம் இருக்கிறது. புத்தாண்டுக்குச் சாமிக்குப் படைத்த மோச்சிக் கட்டி காய்ந்து கல்லாகிவிடும். ஜனவரி 11 வாக்கில் அதை உடைத்துத் தின்பார்கள். கத்தி படக்கூடாது என்பது மரபு, ஆகவே கையாலோ சுத்தியலாலோ உடைப்பார்கள். அந்தத் துண்டுகளைச் சுட்டுத் தின்றதிலிருந்து வளர்ந்ததுதான் ஒகாக்கி.

நம் தட்டையை மனதில் வைத்துக்கொண்டு செம்பேயைக் கடிப்பவர்களுக்கு முதல் வாயில் ஏமாற்றம்தான். தட்டை எண்ணெயில் வெந்தது. மிளகாயும் பெருங்காயமும் அதன் உயிர். சம்பிரதாயமான செம்பே அனலில் சுட்டது. அதில் எண்ணெய் இல்லை, மசாலா இல்லை. அரிசியும், சூட்டில் லேசாகக் கருகிய சோயா சாஸின் மணமும்தான் அதன் எல்லாமே. அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டவர்களுக்கு அது விடாது.

ஸோகா: அடுப்பருகில் நின்று தின்ன வேண்டியது

செம்பே என்றால் ஜப்பானியர் முதலில் சொல்லும் ஊர் ஸோகா. டோக்கியோவுக்கு வடக்கே, சைத்தாமா மாநிலத்தில் இருக்கிறது. அசகுசாவிலிருந்தும் கித்தா-சென்ஜுவிலிருந்தும் தோபு ரயிலில் போய்விடலாம். எடோவிலிருந்து (டோக்கியோவின் பழைய பெயர்) நிக்கோவுக்குப் போகும் பழைய நெடுஞ்சாலையில், சென்ஜுவை அடுத்து வந்த தங்கல் ஊர் இது.

ஒசென் என்ற பாட்டி அங்கே டீக்கடை வைத்து அரிசி உருண்டை விற்றாராம். மிஞ்சியதை ஆற்றில் கொட்டுவதைப் பார்த்த ஒரு சாமுராய், தட்டிக் காயவைத்துச் சுட்டால் என்ன என்று சொல்லிவிட்டுப் போனாராம். இது ஊர்க்கதை. கதையைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும் ஸோகாவில் இந்தத் தொழில் ஊன்றியதற்குக் காரணங்கள் தெரிகின்றன. சுற்றிலும் நெல்வயல். நெடுஞ்சாலையில் ஓயாத வழிப்போக்கர் கூட்டம். கொஞ்சம் கிழக்கே சோயா சாஸுக்குப் பேர்போன நோடா. தொடக்கத்தில் உப்புப் போட்டுத்தான் சுட்டார்கள். எடோ காலத்தின் பிற்பகுதியில் சோயா சாஸ் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதைத் தடவும் வழக்கம் வந்தது.

அங்கே கையால் சுடுவதைப் பார்ப்பதற்காகவே போகலாம். காய்ந்த வட்டங்களைக் கம்பிவலைமேல் அடுக்குகிறார்கள். சூடு ஏறியதும் அவை அங்கங்கே உப்பிக்கொண்டு வளையப் பார்க்கும். உடனே ஓஷிகவாரா என்னும் சுட்டமண் அழுத்தியால் அமுக்கித் திருப்பிப் போடுவார்கள், மறுபடி அமுக்குவார்கள். ஒரு வட்டத்துக்கே பலமுறை இப்படி. இந்த அமுக்கலால்தான் ஸோகா செம்பே சமமாக, அடர்த்தியாக, கறுக்கென்று வருகிறது. கடைசியில் தூரிகையால் சோயா சாஸ் தடவும்போது சீறல் கேட்கும், தெருமுனை வரை மணக்கும். வருகிறவர்கள் தாமே சுட்டுப் பார்க்க இடம் தரும் கடைகளும் உண்டு.

அந்தச் சூட்டோடு தின்பதற்கு ஈடு இணை கிடையாது. ஆனால் பையில் போட்டு ஒரு வாரம் கழித்து ஊரில் திறந்தால், கிடைப்பது நல்ல, கெட்டியான, உப்பான ஒரு வில்லை. அவ்வளவுதான். உங்களை அடுப்பருகே இழுத்த மணம் போயிருக்கும். அகலமாக இருப்பதால் பெட்டிக்குள் உடையும். பல் கொஞ்சம் ஆடினாலும் கடிக்க முடியாது. பொய்ப்பல் கட்டிய பெரியவர்களுக்கு அதைக் கொடுப்பது அவர்களைச் சோதிப்பது போலாகிவிடும்.

எனவே ஸோகாவுக்குப் போங்கள், அங்கேயே தின்னுங்கள். அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் அசகுசா கோயில் வாசல் கடைத்தெருவில் சுடச்சுடக் கிடைக்கும். வாங்கிய கடையின் முன்னேயே நின்று தின்று முடித்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் நடந்துகொண்டே தின்பதை அங்கே உள்ளவர்கள் விரும்புவதில்லை. தங்கும் அறைக்கு வேண்டுமானால் உடைந்த செம்பே கேட்டு வாங்குங்கள். சுடும்போதும் அடுக்கும்போதும் உடைந்தவற்றை ஒரு பெரிய பையில் போட்டு மலிவாக விற்பார்கள். சுவையில் இம்மியும் குறையாது. ஜப்பானியர் வீடுகளிலும் தம் உபயோகத்துக்கு வாங்குவது இதைத்தான். ஊரில் யாருக்காவது செம்பேதான் வேண்டுமென்றால் மெல்லியதாகத் தட்டிச் சுட்ட உசுயாக்கி வகையைக் கேளுங்கள். பல்லுக்கு அது எளிது.

சோஷி: ஊறிய செம்பே

இதற்கு நேர்எதிர் ஒன்று சிபா மாநிலத்தின் கிழக்கு முனையில் இருக்கிறது. தோனே ஆறு கடலில் கலக்கும் சோஷி. ஹிகேத்தா 1616-லும் யமாசா 1645-லும் இங்கே சோயா சாஸ் காய்ச்சத் தொடங்கின. இரண்டும் இன்றும் இயங்குகின்றன. அப்படிப்பட்ட ஊரில் சுட்ட சூட்டோடு செம்பேயைச் சாஸில் முக்கி ஊறவிட்டார்கள் என்றால் வியப்பில்லை. நுரே செம்பே என்று பெயர். மொறுமொறுப்பு சுத்தமாக இருக்காது. மெதுவாக இழுத்துக் கடிக்க வரும். உப்பும் அரிசி இனிப்பும் வாய் நிறைய வரும்.

இதைப் புகழ்பெறச் செய்தது ஒரு ரயில். சோஷி மின்ரயில் நிறுவனத்திடம் இருப்பது வெறும் 6.4 கிலோமீட்டர் பாதை. பயணிகள் குறைந்துகொண்டே போக, 1995-இல் நுரே செம்பே விற்பனையில் இறங்கினார்கள். 2006-இல் பெட்டிகளைப் பழுதுபார்த்துச் சோதனை செய்யக்கூடப் பணமில்லாத நிலை. ரயில் பழுதுச் செலவுக்குச் சம்பாதித்தாக வேண்டும், எங்கள் செம்பேயை வாங்குங்கள் என்று தங்கள் இணையதளத்தில் வெளிப்படையாகவே எழுதினார்கள். நாடு முழுவதிலிருந்தும் ஆர்டர் குவிந்தது. ரயில் இன்றும் ஓடுகிறது, தின்பண்ட வருமானம் டிக்கெட் வருமானத்தை மிஞ்சி நிற்கிறது. ஒரு நொறுவலை வாங்குவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. அந்தச் சின்ன ரயிலில் ஏறி இறங்கி, ஸ்டேஷனிலேயே ஒரு பாக்கெட் வாங்குவதற்கு ஒரு நாளைத் தாராளமாக ஒதுக்கலாம்.

பரிசாகக் கொடுப்பதற்கு மட்டும் யோசிக்க வேண்டும். விஷயம் தெரியாதவர்கள் பிரித்துக் கடித்ததும் நமத்துப் போய்விட்டது என்று ஒதுக்கிவிடுவார்கள். கொடுக்கும்போதே இது இப்படித்தான் என்று சொல்லிக் கொடுங்கள். உலர்ந்த செம்பே அளவுக்கு நாள் தாங்காது, பாக்கெட்டில் தேதியைப் பாருங்கள். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம், அவ்வளவு உப்பு. மறுபக்கம், செம்பேயின் சுவை வேண்டும், கடிக்கப் பல் இல்லை என்பவர்களுக்கு இதை விட்டால் வேறு வழி கிடையாது.

கொடுப்பதற்கு ஒகாக்கி

வெளியூர் போய் வந்தால் உடன் வேலை செய்பவர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் அந்த ஊர்த் தின்பண்டம் கொண்டுவந்து கொடுப்பது ஜப்பானில் ஏறக்குறையக் கடமை. ஒமியாகே என்பார்கள். அதனால் அங்கே விற்கும் பெட்டிகள் அந்தத் தேவைக்கென்றே செய்யப்பட்டவை. உள்ளே ஒவ்வொன்றும் தனித்தனி உறையில் இருக்கும். மொத்தம் எத்தனை என்பது பெட்டி மேலேயே இருக்கும். இருபது பேர் அலுவலகத்துக்கு இருபத்துநான்கு உறைப் பெட்டி என்று கணக்குப் போட்டு வாங்கலாம்.

இந்த வேலைக்கு என் தேர்வு ஒகாக்கியும் அராரேயும்தான். சிறிதாக இருப்பதால் உடைவது குறைவு. வாயில் கரைவதால் பெரியவர்களும் பிள்ளைகளும் தின்ன முடியும். ஒரே பெட்டியில் சோயா, உப்பு, எள், நோரி, கறுப்புச் சோயா மொச்சை என்று பல சுவை கலந்து வரும், யாருக்காவது ஒன்றாவது பிடிக்கும். செம்பேயில் இந்த வாய்ப்பு குறைவு.

கியோத்தோ, ஒசாக்கா பக்கம் இதன் தாய்வீடு. டோக்கியோக்காரர் செம்பே என்றால் சோயா தடவிய அரிசி வட்டத்தை நினைப்பார். மேற்கே பலருக்கு அந்தச் சொல் கோதுமையும் சர்க்கரையும் சேர்த்த இனிப்பு பிஸ்கட்டைத்தான் நினைவூட்டும். உப்பு அரிசி நொறுவல் வேண்டுமென்றால் ஒகாக்கி என்றே கேட்பார்கள். கியோத்தோ பக்கத்து ஒகுரா சன்சோ நிறுவனம் பழங்கவிதைகளின் சாயலில் பெட்டிகள் செய்வது. அவர்களுடைய கலவைப் பைகள் பார்க்கவும் தின்னவும் நன்றாக இருக்கின்றன. டோக்கியோவில் அகசாக்கா காக்கியாமா நேர்த்தியான ஒகாக்கிக்கு நம்பகமானது, விலையும் அதற்கேற்ப இருக்கும். ஃபுகுஒகா மாநிலத்து நோகாட்டாவில் 1929-இல் தொடங்கிய மோச்சிகிச்சி இரண்டுக்கும் நடுவில், தினசரிக்கும் பரிசுக்கும் பொருந்துகிற மாதிரி. மோச்சிகிச்சியின் தகர டப்பாக்கள் அழகானவை, ஆனால் விமானத்தில் தகரத்தின் எடைக்கும் நீங்கள்தான் பொறுப்பு. நான்கைந்து குடும்பங்களுக்கு என்றால் ஒரு டப்பாவும் மீதிக்குப் பைகளும் போதும்.

பிப்ரவரியில் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வாய்ப்பு. மார்ச் 3 பெண்குழந்தைகள் விழாவுக்காக ஹினா அராரே கடைகளை நிறைக்கும். டோக்கியோ பக்கம் அது இளஞ்சிவப்பும் பச்சையும் வெள்ளையுமாக இனிப்புப் பொரி. மேற்கே உருண்டையாக, சோயாவும் உப்பும் சேர்ந்தது. நான் மேற்கத்தியதன் பக்கம்.

நீகாட்டாவும் காக்கி நோ தானேயும்

கவனமாக எடுத்துச் சொல்ல வேண்டிய மூன்றாவது பகுதி நீகாட்டா. ஜப்பானின் மொத்த அரிசி நொறுவல் உற்பத்தியில் பாதிக்கும் மேல் இந்த ஒரு மாநிலத்திலிருந்து வருகிறது. பனியும் நெல்லும் நிறைந்த பகுதி. போருக்குப் பின் மாநில அரசின் ஆராய்ச்சிக்கூடம் கண்டறிந்த செய்முறைகளை உள்ளூர் நிறுவனங்களுக்குப் பகிர்ந்து கொடுத்ததால் சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளாகின. கமெடா, சன்கோ, இவாட்சுகா எல்லாமே இந்த மாநிலத்தவை.

இங்கே நகாஓகாவில் 1923-இல் தொடங்கியது நானிவாயா. நீள்வட்ட அராரே வெட்டும் உலோக அச்சை நிறுவனரின் மனைவி தவறி மிதித்துவிட்டாராம். நெளிந்ததை நேராக்க முடியவில்லை, அப்படியே வெட்டினார்கள். வளைந்த சிறு துண்டுகள் சீமைப்பனிச்சைப் பழத்தின் (பெர்சிமன்) விதை போல இருக்கின்றன என்று ஒரு வாடிக்கையாளர் சொல்ல, அதே பொருள் தரும் பெயரில் 1924-இல் காக்கி நோ தானே பிறந்தது. சோயாவும் மிளகாயும் சேர்ந்த காரம். பெயரைப் பதிந்து தமக்கென்று வைத்துக்கொள்ளாததால் ஊரெல்லாம் செய்யத் தொடங்கியது. 1966 முதல் கமெடா விற்றுவரும் வேர்க்கடலை கலந்த பாக்கெட்தான் இன்று எந்தக் கடையிலும் கண்ணில் படுவது. காரத்துண்டும் கடலையும் எந்த விகிதத்தில் இருக்க வேண்டும் என்று மக்களிடம் வாக்கெடுப்பே நடத்தி, 6-க்கு 4 என்றிருந்ததை 2020-இல் 7-க்கு 3 ஆக்கினார்கள்.

தமிழ் நாக்குக்கு முதல் வாயிலேயே பிடித்துப்போவது இதுதான். காரம் இருக்கிறது, கடலை இருக்கிறது, கைநிறைய அள்ளித் தின்னலாம். சூப்பர்மார்க்கெட்டில் சில நூறு யெனில் பல உறைகள் கொண்ட பெரிய பை கிடைக்கும். நண்பர்களுக்கு இதைவிடச் சுலபமான பரிசு இல்லை. எங்கும் கிடைப்பதைக் கொடுப்பது ஒமியாகே ஆகாது என்று ஜப்பானியர் நினைக்கலாம். கடல் தாண்டிக் கொண்டுபோகிறவருக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. கொஞ்சம் மதிப்பாகக் கொடுக்க நானிவாயாவின் டப்பா இருக்கிறது. அதில் கடலை கிடையாது, கடலை ஒவ்வாதவர்கள் கவனிக்க வேண்டிய வேறுபாடு. நாகானோவின் வசாபிச் சுவை போல அந்தந்தப் பகுதியில் மட்டும் விற்கும் பாக்கெட்டுகளும் உண்டு. சாக்லேட் பூசியதை மட்டும் தொடாதீர்கள், உருகி ஒட்டிக்கொள்ளும்.

பிள்ளைகளுக்குக் கமெடாவின் ஹாப்பி டர்ன். 1976-இல் வந்தது, இனிப்பும் உப்பும் கலந்த பொடி தூவிய நீள வில்லை. சன்கோவின் யுகி நோ யாதோ அதற்கடுத்த ஆண்டு வந்தது, மேலே பால் மணமுள்ள சர்க்கரைப் பூச்சு. பல் முளைக்காத குழந்தைக்குக்கூட ஏழாம் மாதத்திலிருந்து கொடுக்கும் ஹைஹைன் என்ற வெள்ளை அரிசி வில்லை உண்டு, நாக்கில் வைத்ததும் கரையும். கமெடாவுக்கு இந்தியத் தொடர்பும் இருக்கிறது. 2022-இல் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்த லேக் ராஜ் ஜுனேஜா இந்தியாவில் பிறந்தவர். தாவத் அரிசி விற்கும் எல்டி ஃபுட்ஸுடன் சேர்ந்து கரி கரி என்ற பெயரில் இந்திய ருசிக்கேற்ற அரிசி நொறுவலை இங்கேயே விற்கத் தொடங்கினார்கள். கிடைத்தால் புறப்படும் முன் ஒரு பாக்கெட் வாங்கி வீட்டாருக்குக் கொடுத்துப் பாருங்கள். இந்த மொறுமொறுப்பு பிடிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

அரிசி என்று நினைத்து ஏமாறக் கூடியவை

செம்பே என்ற பெயரில் விற்பதெல்லாம் அரிசி கிடையாது. அவமோரியின் ஹச்சினோஹே, இவாத்தே பக்கத்து நம்பு செம்பே கோதுமை. வார்ப்பிரும்பு அச்சில் சுட்டு, எள்ளோ கடலையோ பதித்தது. எனக்கு மிகவும் பிடித்தது, எள் வகை பெரும்பாலும் சைவமாகவும் இருக்கும். ஆனால் அரிசிப் பண்டம் என்று சொல்லிக் கொடுக்க முடியாது. இகாவின் கத்தாயாக்கி மரச்சுத்தியலால் உடைக்கிற அளவுக்குக் கடினமான கோதுமை வில்லை. நகோயாவின் புகழ்பெற்ற யுகாரி இறாலால் ஆனது. நாராவில் மான்களுக்குக் கொடுக்க விற்கும் வட்டங்கள் தவிடும் மாவும் சேர்ந்த தீனி, மனிதருக்கானது இல்லை.

சைவர்கள் எதைப் பார்க்க வேண்டும்

அரிசியும் சோயாவும்தானே, என்ன இருக்கப்போகிறது என்று நம்பி வாங்கக் கூடாது. சோயா சுவைக் கலவைகளில் கட்சுவோ என்னும் சூரை வகை மீனின் சாறு சேர்ப்பது பரவலான வழக்கம். கோழி, பன்றி, இறால் சாறுகளும் ஆலைத் தயாரிப்புகளில் வருவதுண்டு. சாலட் சுவை என்று போட்டிருந்தால் காய்கறி என்று எண்ண வேண்டாம். தாவர எண்ணெயும் உப்பும்தான்.

ஜப்பானில் ஒவ்வாமைப் பொருள்களை அச்சிட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கோதுமை, பக்வீட், முட்டை, பால், வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்றவை கட்டாயம். பலர் இந்த ஒவ்வாமைப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, இறாலும் நண்டும் இல்லை, சைவம்தான் என்று முடிவுகட்டுகிறார்கள். கட்சுவோ மீன் இந்தப் பட்டியலில் இல்லை. கோழியும் பன்றியும் கட்டாயப் பட்டியலில் இல்லை, குறிப்பிடுமாறு பரிந்துரை மட்டுமே. ஆகவே மூலப்பொருள் வரிசையை முழுசாகப் படிக்க வேண்டும். போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்தாலே மீன், சாறு, இறைச்சி போன்ற சொற்கள் சிக்கிவிடும். மூலப்பொருள் வரிசை எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. அரிசி, சோயா சாஸ், சர்க்கரை என்று முடிந்துவிடும் கைச்சுடு செம்பேகள் இன்னும் நிறையவே இருக்கின்றன. அரிசி, எண்ணெய், உப்பு மட்டும் போட்ட ஒகாக்கிகளும் உண்டு.

சோயா சாஸில் கோதுமை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். அரிசிதானே என்று குளூட்டன் ஆகாதவர்களுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஹலால் பார்ப்பவர்கள் சோயா சாஸில் சேர்க்கும் மதுசாரத்தையும், மிரின் என்னும் இனிப்புச் சமையல் மதுவையும் கவனிக்க வேண்டும். சான்று பெற்ற பாக்கெட்டுகளைப் பெரிய கடைகளில் கேட்டு வாங்கலாம்.

இந்த ஆராய்ச்சியெல்லாம் முடியாது, நூறு சதவீதம் கவலையின்றிப் பாட்டிக்கும் அத்தைக்கும் கொடுக்க ஏதாவது வேண்டும் என்பவர்களைக் கியோத்தோவின் சுட்ட யட்சுஹாஷி பக்கம் அனுப்புவேன். அரிசிமாவு, சர்க்கரை, பட்டைத்தூள், வறுத்த சோயாமாவு. வழக்கமான செய்முறையில் அவ்வளவுதான். வளைந்த ஓடு வடிவம், நல்ல கறுக்குமுறுக்கு, பட்டை மணம். காப்பியோடு அருமையாகப் போகும். கடையில் பக்கத்திலேயே இருக்கும், சுடாத பச்சை யட்சுஹாஷி மென்மையானது, உள்ளே பயறு விழுது வைத்தது. அது பத்து நாள் போலத்தான் தாங்கும். இரண்டையும் மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

வாங்குவதும் அடுக்குவதும்

எப்படி வாங்கினாலும் புறப்படுவதற்கு முந்தைய நாள் ஊருக்குள் வாங்குங்கள். விமான நிலையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் பெரிய பரிசுப் பெட்டிகள். நிதானமாக மூலப்பொருள் படிக்க நேரமும் இருக்காது. நேரமில்லாமல் அங்கேதான் வாங்கியாக வேண்டும் என்றால், தனித்தனி உறையிட்ட ஒகாக்கிக் கலவையைத் தேடுங்கள், செம்பேப் பெட்டியை விடுங்கள். திடப்பொருள் என்பதால் கைப்பையில் கொண்டுபோகத் தடையில்லை, உடையக் கூடியவற்றுக்கு அதுவே பாதுகாப்பு. பெட்டியில் வைப்பதாக இருந்தால் துணிகளுக்கு நடுவே வையுங்கள். பாக்கெட் காற்று நிரம்பிப் பருத்திருந்தாலும் அமுக்கிக் காற்றை வெளியேற்றாதீர்கள். நொறுங்காமல் காப்பது அந்தக் காற்றுதான்.

கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் பிரித்த பாக்கெட் ஒரு மாலைக்குள் நமத்துவிடும். உள்ளே இருக்கும் சிறு உலர்த்திப் பொட்டலத்தையும் சேர்த்து இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். அப்படியும் நமத்துப்போனால், எண்ணெய் விடாத வாணலியில் மிகச் சிறு தீயில் ஓரிரு நிமிடம் புரட்டி, முழுக்க ஆறவிட்டுத் தின்னுங்கள். ஆறும்போதுதான் மொறுமொறுப்பு திரும்பும். சர்க்கரை பூசியதையும் நோரி சுற்றியதையும் இப்படிச் சூடாக்க வேண்டாம், கருகிவிடும்.